சாமி படத்துக்குப் பின்னால் ஒரு கன்டென்சர்

எங்கள் ஊர் மோட்டார் ரூம்களில் பக்தி கொஞ்சம் அதிகம். பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, கருவேலங்காட்டுக்குள் நடந்தால் வருகிற ஊர். வயலுக்கு வயல் ஒரு சின்ன அறை இருக்கும். உள்ளே ஸ்டார்ட்டர் பெட்டி, பக்கத்தில் சட்டம் போட்ட சாமி படம். எங்கள் அய்யா, அதாவது அப்பாவின் ரூமில் முனியசாமி, சித்தப்பா ரூமில் முருகன், கீழத்தெரு மாமா ரூமில் லட்சுமி. மாலை போட்டு, சூடம் காட்டி, சுவரெல்லாம் கரியாக இருக்கும். படத்துக்குப் பின்னால் ஒரு கன்டென்சரும் இருக்கும். மின்வாரியத்திலிருந்து சோதனைக்கு வருகிறவர்கள் எதை வேண்டுமானாலும் திறந்து பார்ப்பார்கள், சாமி படத்தை மட்டும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது ஊரின் அசைக்க முடியாத நம்பிக்கை.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பம்புசெட்டு மோட்டார் ஓட மூன்று பேஸ் மின்சாரம் வேண்டும். எங்கள் பக்கம் அது வருவது விடியற்காலையில். பகலில் பெரும்பாலும் இரண்டு பேஸ்தான். வீட்டில் விளக்கும் மிக்சியும் ஓட அது போதும். மோட்டார் மட்டும் சுற்றாமல் உறுமிக்கொண்டு நிற்கும், அப்படியே விட்டால் உள்ளே சுற்றியிருக்கிற காயில் கம்பி கருகிவிடும். ஆனால் நடுவில் ஒரு கன்டென்சரைக் கொடுத்தால், இல்லாத மூன்றாவது பேஸ் இருப்பதாக நம்பி மோட்டார் சுற்றத் தொடங்கிவிடும். இது சட்டப்படி கூடாது. விடியற்காலையில் எழுந்து போய்த் தண்ணீர் பாய்ச்சுவது எங்கள் ஊர் சம்சாரிகளின், அதாவது விவசாயிகளின், மனச்சாட்சிப்படி கூடாது. இரண்டில் எது ஜெயித்தது என்று சொல்லத் தேவையில்லை.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் மின்பொறியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். மின்கம்பியில் திடீரென்று எழுந்து, கண் இமைப்பதற்குள் அடங்கிவிடுகிற அலைகளைக் கணக்குப் போட்டுப் பிரித்துப் படிப்பதுதான் என் வேலை. முதலில் உச்சிப்புளிப் பக்கம் போய்க் கடலோரக் கம்பிகளைத்தான் அளந்தேன். அங்கே பீங்கான் இன்சுலேட்டர் எல்லாம் உப்புப் படிந்து, பனி விழுந்ததும் பொரிகடலை வறுக்கிற மாதிரி பொரிந்தது. அலைகளைப் பதிவதற்காக நான் கொண்டுபோன பெட்டியில் பதிந்ததெல்லாம் வெறும் இரைச்சல். "கொஞ்சம் சுத்தமான சிக்னலோட வாங்க, எந்த அலை எங்கிருந்து வந்ததுன்னு அடிச்சுச் சொல்ற மாதிரி இருக்கணும்" என்று என் வழிகாட்டி அனுப்பிவிட்டார். சுத்தமான சிக்னலுக்கு எங்கே போவது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கூடத்துச் சுவரில் இருந்த பிளக்கில் சொருகினேன்.

அய்யா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "ஏத்தா, இது கரண்ட்ட இழுக்குமா, குடுக்குமா?"

"ரெண்டும் இல்லய்யா. சும்மா பாத்துக்கிட்டு இருக்கும்."

"சும்மா பாத்துக்கிட்டு இருக்கதுக்கா இத்தன வருசமாப் படிக்கிற?"

அந்தப் பெட்டி பார்த்ததை நான் எப்படிப் படித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அடுக்களையில் பாத்திரம் விழுந்தால், எது விழுந்தது என்று எங்கள் அம்மா வாசலில் இருந்தே சொல்லிவிடுவாள். சொம்புக்கு ஒரு சத்தம், தாம்பாளத்துக்கு ஒரு சத்தம். ஒன்று டக்கென்று அடங்கும், ஒன்று ஆடி ஆடி அடங்கும். மின்கம்பியிலும் அதே கதைதான். சுவிட்சைத் தட்டியதும் கன்டென்சர் ஒரு வாய் மின்சாரத்தை இழுக்கிறது, அதில் கம்பி முழுக்க ஒரு அதிர்வு கிளம்பி அடங்குகிறது. கன்டென்சர் பெரிதானால் சுருதி இறங்கும். டிரான்ஸ்பார்மரிலிருந்து வயல் தூரமானால் இன்னும் இறங்கும். ஆக, எந்த இரண்டு மோட்டார் ரூமுக்கும் சத்தம் ஒன்று போல இருக்காது.

எல்லாரும் பாடத்தில் முதலில் படிக்கிற அலைப் பகுப்பு முறை இதற்கு உதவாது. நாள் முழுக்க ஒரே சீராக ஓடுகிற அலையைப் பிரிப்பதில் அது கெட்டி. பிறந்த வேகத்தில் சாகிற அலையைக் கொடுத்தால் ஒரு சுருதியைப் பக்கத்துச் சுருதிகள் மேலெல்லாம் பூசி மெழுகிவிடும். நான் வேறொரு முறையைப் பிடித்துக்கொண்டேன். தேய்ந்து அடங்குகிற அலையில் எந்தப் புள்ளியையும் அதற்கு முந்தைய சில புள்ளிகளை வைத்தே சொல்லிவிடலாம். எதில் எத்தனை பங்கு சேர்ப்பது என்று தெரிந்தால் போதும். ஆயிரக்கணக்கான புள்ளிகளை வரிசை வரிசையாக அடுக்கி அந்தப் பங்குகளைக் கண்டுபிடித்துவிட்டால், அதற்குள்ளேயே சுருதியும், அது சாகிற வேகமும் உட்கார்ந்திருக்கும்.

இந்த முறைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. இல்லை என்று சொல்லத் தெரியாது. உள்ளே எத்தனை அலை என்று நாம்தான் முதலில் சொல்ல வேண்டும். மூன்று என்றால் மூன்று தரும். பத்து என்றால், இரைச்சலுக்குள் கைவிட்டு ஏழு பேய்களைப் பிடித்து வந்து, பத்தாக்கிப் பவ்யமாகத் தரும். அதனால் எண்ணிக்கையை மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்டாலும் அதே இடத்தில் நிற்பது மெய்யான அலை, கேட்கக் கேட்க இடம் மாறுவது பேய். என் ஆராய்ச்சியில் பாதி இந்தப் பேயோட்டுகிற வேலைதான்.

நான் பெட்டியை வைத்த அந்தப் பருவத்தில் ஊரின் டிரான்ஸ்பார்மர் திரும்பத் திரும்ப எரிந்தது. புதிதாகக் கொண்டுவந்து ஏற்றுவார்கள், கொஞ்ச நாளில் கரும்புகை விட்டு எண்ணெய் கக்கும். வீட்டில் விளக்கு இல்லை, வயலில் தண்ணீர் இல்லை. யாரோ ஒரு ஆள் செய்கிற வேலை என்று ஊர் முடிவு கட்டியது. யார் என்று கேட்கக் குறி சொல்கிற கோடாங்கியிடம் போனார்கள். கோடாங்கி உடுக்கை அடித்து, ஆடி, வேர்த்து, "தண்ணிக்குக் கிட்டக்க, தனியா இருக்குற கை" என்றார். என் கணக்கு முறைக்கும் கோடாங்கிக்கும் ஒரே குணம். ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டால் ஒரு ஆளைக் கொடுத்துவிடும்.

தண்ணீருக்குக் கிட்டக்க, தனியாக இருந்தது ஒரு அக்காதான். கண்மாய்க்கரையை ஒட்டிய கடைசி வயலைக் குத்தகைக்கு எடுத்து முண்டு மிளகாய் போட்டிருந்தது. வயல்காரர்கள் பரமக்குடியில் குடியேறிவிட்டவர்கள். அக்காவின் புருஷன் கட்டட வேலைக்கு வெளியூர் போயிருந்தார். அதற்கு முந்தைய வருஷம்வரை எங்கள் வயலிலும் சித்தப்பா வயலிலும் கூலிக்குக் களை எடுத்தது அந்த அக்கா. இந்த வருஷம்தான் முதன்முதலாகத் தனக்கென்று வெள்ளாமை. இது பல பேருக்கு உள்ளுக்குள் கரித்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை, எங்கள் அய்யாவையும் சேர்த்துத்தான்.

"பகல்ல அவ தண்ணி பாச்சி யாராச்சும் பாத்திருக்கீகளா? ஆனா வயலு எந்நேரமும் ஈரமா இருக்கு. திருட்டுத்தனமா என்னமோ பண்றா" என்றார் அய்யா. லைன்மேனிடம் சொல்லி அக்காவின் லைனை வெட்டிவிடுவது, பரமக்குடிக்குப் போன் போட்டுக் குத்தகையை மாற்றச் சொல்வது என்று பேச்சு முற்றியது. மிளகாய் பூவெடுத்திருந்த நேரம். ஒரு வாரம் தண்ணீர் நின்றால் பூவெல்லாம் கொட்டிவிடும், அக்கா மறுபடியும் எங்கள் வயலுக்குக் களை எடுக்க வந்து நிற்க வேண்டியதுதான்.

எனக்கோ உண்மை முன்பே தெரிந்துவிட்டது. கூடத்துப் பிளக்கில் இருந்த பெட்டி வாரக்கணக்காகச் சும்மா பார்த்துக்கொண்டிருந்ததே! பகலில் எழுந்த அலைகளைப் பிரித்தால், பேய்களை ஓட்டிய பிறகு, ஒரு ஏழெட்டுச் சுருதிகள் திரும்பத் திரும்ப வந்தன. டிரான்ஸ்பார்மர் எரிந்த ஒவ்வொரு மத்தியானமும் அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து உள்ளே இருந்தன. மூன்று பேஸில் பகிர வேண்டிய சுமையை எல்லாரும் ஒரே நேரத்தில் இரண்டு பேஸில் ஏற்றினால் டிரான்ஸ்பார்மர் தாங்காது. அதில் முனியசாமி ரூம் எது என்று எனக்குத் தெரியும், அய்யா சாப்பிட்டுவிட்டுப் போய் மோட்டார் போடுகிற நேரம் எனக்கு மனப்பாடம். ஆனால் கண்மாய்க்கரை வயல்தான் கம்பியின் கடைசி. அங்கே ஒரு கன்டென்சர் இருந்தால் எல்லாவற்றையும்விட இறங்கிய சுருதி ஒன்று வந்திருக்க வேண்டும். வரவே இல்லை. விடியற்காலையில் மட்டும் ஒரு மோட்டார் கிளம்புகிற சின்ன இறக்கம் தெரிந்தது, அதிர்வு எதுவும் இல்லாமல், பெருமூச்சு விடுகிற மாதிரி.

இதை அப்படியே ஊரில் சொன்னால் என்ன நடக்கும்? பெட்டி பொய் சொல்கிறது என்பார்கள். பொட்டப்புள்ளைக்கு என்ன தெரியும் என்பார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, கூடவே கொஞ்சம் குறும்பும் வந்தது. என் ஆராய்ச்சிக்கு எந்த அலை எந்த மோட்டார் என்கிற அத்தாட்சி வேறு வேண்டியிருந்தது. அய்யாவிடம் போய் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "அய்யா, யாரு மோட்டார்னு இந்தப் பொட்டி சொல்லிரும். ஆனா மத்தவுக மோட்டார எல்லாம் ஒரு தடவ காட்டிட்டாத்தான் அதுகள ஒதுக்கிட்டு மிச்சத்தப் பிடிக்கும்" என்றேன்.

"அவ்வளவுதான? எல்லாரையும் வரச் சொல்லுதேன்" என்றார் அய்யா. எவ்வளவு நல்ல மனுஷன்!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேஷன் கடை வாசலில் கூட்டம். கடைக்குள் இருந்த பிளக்கில் பெட்டியைச் சொருகி, மேசையில் லேப்டாப்பை வைத்தேன். அக்காவையும் கூப்பிட்டு ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். கோடாங்கியும் வந்து, தொழில் போட்டியைப் பார்ப்பது போல முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். சம்சாரிகள் ஒவ்வொருவராகத் தங்கள் வயலுக்குப் போய், போனில் சொல்லிவிட்டு மோட்டார் போட்டார்கள். ஒவ்வொரு அலைக்கும் நான் ஒரு பெயர் எழுதினேன். ஆள் பெயரைப் போட்டால் வம்பு என்று, ரூமில் இருக்கிற சாமியின் பெயரை எழுதினேன்.

பிறகு, "இப்ப சொல்லாமப் போடுங்க, எந்த மோட்டார்னு நான் சொல்லுதேன்" என்றேன். ஊருக்கே உற்சாகம் பிறந்துவிட்டது. திரையில் அலை விழுந்ததும், "முருகன்!" என்பேன். போனில் சித்தப்பாவின் குரல், "அட, ஆமாப்பா!" என்று அலறும். "லட்சுமி!" கீழத்தெரு மாமா விசிலடிப்பார். சித்தப்பாவும் மாமாவும் என்னை மாட்டிவிடுவதற்காக ரூமை மாற்றிப் போய்ப் போட்டார்கள், பெட்டி ரூமைச் சரியாகச் சொன்னது. கடைசியாக இரண்டு பேர் போனில் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி ஒரே நேரத்தில் தட்டினார்கள். இரண்டு அலைகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து திரையில் ஒரே குழப்பம். கணக்கு ஓடி முடித்து, இரண்டு சுருதிகளைத் தனித்தனியாக எடுத்து வைத்தது. "கருப்பனும் ஐயப்பனும்!" என்று கத்தினேன். கைதட்டல் அடங்க நேரமானது. என் வாழ்க்கையில் எந்தக் கருத்தரங்கிலும் எனக்கு அப்படிக் கைதட்டியதில்லை, சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

பட்டப்பகலில், இரண்டு பேஸில், ஊர் மோட்டார் அத்தனையும் ஓடிக்கொண்டிருந்தன. கம்பத்தின் மேல் டிரான்ஸ்பார்மர் வழக்கத்துக்கு மேல் உறுமியது. ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

"சரி, இப்ப அவளப் போடச் சொல்லு" என்றார் அய்யா.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இப்ப எப்படிங்கய்யா ஓடும்? ரெண்டு பேசுதான இருக்கு" என்றது.

"ஏன், கன்டென்சர் இல்லியா?"

"இல்லிங்கய்யா. விடியங்காட்டி மூணு பேசு வருதுல்ல, அப்ப எந்திரிச்சுப் பாச்சிருவேன். வெயில் ஏறுறதுக்குள்ள வேல முடிஞ்சிரும்."

இதை ஒரு ஆள், ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். கோடாங்கியிடம் கேட்டார்கள், லைன்மேனிடம் கேட்டார்கள், அக்காவிடம் கேட்கவில்லை. நான் மட்டும் என்ன ஒழுங்கு? ஆயிரக்கணக்கான புள்ளிகளை அடுக்கிப் பேயோட்டிக்கொண்டிருந்தேனே தவிர, நாலு எட்டு வைத்துக் கண்மாய்க்கரைக்குப் போய்க் கேட்கத் தோன்றவில்லை.

அய்யா நம்பவில்லை. வயலில் இருந்த சித்தப்பாவுக்குப் போன் போட்டு, கண்மாய்க்கரைக்குப் போய் அக்காவின் மோட்டாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துக் கடை விளக்கு மங்கியது. திரையில் அந்தப் பெருமூச்சு இறங்கியது, அதிர்வு எதுவும் இல்லை. "உறுமுதுப்பா, சுத்தல. அமத்திட்டேன்" என்றது போன். பிறகு, நம்ப முடியாத குரலில், "சொவத்துல ஒரு சாமி படங்கூட இல்லப்பா" என்றது.

நான் லேப்டாப்பில் டிரான்ஸ்பார்மர் எரிந்த மத்தியானங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருந்தவர்களை வாசித்தேன். முனியசாமி, முருகன், லட்சுமி, கருப்பன், ஐயப்பன் என்று போய்க்கொண்டே இருந்தது. அடுத்த மத்தியானத்துக்கும் அதே சாமிகள். எந்தச் சாமி யார் ரூம் என்று சற்று முன்னால் அவர்களே கைதட்டிச் சொல்லியிருந்தார்கள். கோடாங்கி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அய்யா என்னை ஒரு பார்வை பார்த்தார். வீட்டுக்குப் போனதும் என் தோலை உரிக்கப் போகிறார் என்று நிஜமாகவே பயந்தேன்.

ஆனால் எங்கள் அய்யா ஊரில் பெரிய மனுஷன் ஆனது சும்மா இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அக்காவைப் பார்த்துத் தாராளமாகச் சிரித்தார். "சரி விடுங்கப்பா. பாவம், அந்தப் புள்ளைக்கு ஒரு கன்டென்சர் இல்லாமப் போச்சு. நம்மளே ஒண்ணு வாங்கிப் போட்டுக் குடுத்துருவோம். அதும் நம்மள மாதிரி பகல்ல பாச்சிக்கிறட்டும்."

"அதான் நாயம்" என்றார் வயலிலிருந்து திரும்பியிருந்த மாமா. எல்லார் முகத்திலும் உயிர் வந்தது. இத்தனை கணக்குக்கும் இதுவா விடை?

அக்கா அந்த இடத்தை விட்டு அசையவில்லை. "வேணாங்கய்யா" என்றது. குரலை உயர்த்தவும் இல்லை. "மறுக்கா டிரான்ஸ்பார்மர் எரியும். அன்னிக்கு ஒங்க மக பொட்டியில நானும் இருப்பேன். நீங்க இத்தன பேரு இருப்பீக. ஆனா பேரு எனக்கு மட்டுந்தான் வரும்."

அக்கா, களைக்கொத்து வயலிலேயே கிடக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனது. லைனை யாரும் வெட்டவில்லை, பரமக்குடிக்கு யாரும் போன் போடவில்லை. மிளகாய் நன்றாகக் காய்த்தது, ஆள் விட்டுப் பழம் பறிக்கிற அளவுக்கு. என் ஆராய்ச்சிக்கும் ஒரு முழு அத்தியாயம் கிடைத்தது.

அடுத்த பருவத்தில் டிரான்ஸ்பார்மர் மறுபடி எரிந்தது. நான் மதுரையில் இருந்தேன். வீட்டுப் பிளக்கில் ஒரு பெட்டியை விட்டு வந்திருந்தேன், அதில் பதிவதெல்லாம் மதுரைக்கு வந்துவிடும். அய்யா போன் போட்டார். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்கப் போகிறார் என்று நினைத்துக் கணக்கை ஓட்டத் தொடங்கினேன்.

"ஏத்தா, பொட்டியில பாரு. அவ இருக்காளா?" என்றார்.

பார்த்தேன். எண்ணிக்கையை மாற்றி மாற்றிக் கேட்டும் பார்த்தேன். "இல்லய்யா. மத்த எல்லாரும் இருக்கீக."



"நல்லாப் பாரு" என்றார்.